லுவேசி தபால் நிலையத்தில் எதுவும் தொலைவதில்லை

லுவேசி தபால் நிலையத்தில் மொத்தம் ஐந்து அறைகள். கடிதங்களைப் பிரிக்க ஒன்று. அதிலும் பாதி இடத்தை உடைந்த சைக்கிள்கள் அடைத்துக்கொண்டிருக்கும். மீதி நான்கும் இழப்பீட்டுப் பிரிவுக்கு. கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் ஆள், கடிதம் போய்ச் சேரவில்லை என்று எழுதி வைக்க ஒன்பது ஆள். இப்படியொரு ஏற்பாட்டை யோசித்து வைத்த புண்ணியவான் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

உள்ளே நுழைந்ததும் கண்ணாடி அலமாரியில் வரிசையாகக் கேடயங்கள். 'இழப்பே இல்லாத நிலையம்' என்று வருடா வருடம் தலைமையகம் கொடுப்பவை. ஆறு இருக்க வேண்டும், ஐந்துதான் இருக்கின்றன. போன வருடத்துக் கேடயத்தைப் பார்சலில் அனுப்பினார்களாம், வந்து சேரவில்லை.

இந்த நிலையத்துக்குத்தான் எனிஃபா கசம்பா ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தன் பார்சலைத் தேடிக்கொண்டு வந்தாள்.

எனிஃபாவுக்கு நாற்பத்தொன்பது வயது. சந்தையில் உசிபாக் கருவாடு விற்கிறாள். பன்னிரண்டு வயதில் ஏழாம் வகுப்போடு நின்றுபோன படிப்பை, பிள்ளைகளெல்லாம் கரையேறிய பிறகு, சாயங்காலப் பள்ளியில் திரும்பத் தொடங்கியிருந்தாள். எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கியே தீருவது என்று ஒரே பிடிவாதம். போன வருடம் எழுதப் போனாள். அவளுக்குத் தூரத்தில் இருப்பது நன்றாகத் தெரியும், கிட்டத்தில் இருப்பது ஒன்றும் தெரியாது. கேள்வித்தாளைக் கை நீட்டிப் பிடித்தும் பார்த்தாள், தெரியவில்லை. கடைசியில் அதைத் தரையில் போட்டுவிட்டு எழுந்து நின்று படித்தாள். காப்பி அடிக்கிறாள் என்று வெளியே அனுப்பிவிட்டார்கள்.

சந்தையில் கிடைக்கும் மலிவுக் கண்ணாடி எதுவும் அவளுக்கு ஒத்துவரவில்லை. சின்ன வயதில் அம்மை போட்டதில் இடது கண் தனி ரகம். கண் முகாமுக்கு வந்த டாக்டர் அளவெடுத்து எழுதிக் கொடுத்த சீட்டை ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் தம்பி லஸ்டனுக்கு அனுப்பினாள். அவன் செய்து அனுப்பிவிட்டுப் போனில் சொன்னான்: "மஞ்சள் ஃபிரேம் அக்கா. கழுத்துல மாட்டிக்க என் வீட்டுக்காரி மணி கோத்து ஒரு கயிறு கட்டியிருக்கா. நடுவுல ஒரு குட்டி மீன். நீ கருவாட்டுக்காரியாச்சே! லுவேசியில இறங்கிடுச்சுன்னு இங்க சொல்றான். போய் வாங்கிக்க."

தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது.

கவுண்டரில் தோக்கோ என்ற பெண் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

"ஒரு பார்சல் வந்திருக்கணும் தாயி."

"வந்திருந்தா வந்திருக்கும். வரலைன்னா இந்தப் படிவத்துல கையெழுத்துப் போடுங்க."

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"புகார்தான். எல்லாருக்கும் ஒரே படிவம்தான்."

"எனக்குக் கிட்டத்துல இருக்கிறது தெரியாது. கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்."

"படிச்சுச் சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்லம்மா. படிக்கிறது பொதுமக்கள் பொறுப்பு. அந்தா, சுவத்துல எழுதியிருக்கு பாருங்க."

சுவரில் எழுதியிருந்ததை எனிஃபாவால் தாராளமாகப் படிக்க முடிந்தது. அது பத்தடி தள்ளி இருந்தது.

தோக்கோ விரல் வைத்த இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். சாயங்காலப் பள்ளியில் பழகிய கையெழுத்து. நீட்டி, வளைத்து, கீழே ஒரு கோடும் இழுத்தாள். உள்ளேயிருந்து இழப்பீட்டு அதிகாரி கிரெஷம் ந்தாலா வந்தார். வெள்ளைச் சட்டையும் அதற்கு மேலே ஏதோ மஞ்சளாகவும் கலங்கலாகத் தெரிந்தது. இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு, வலது கண்ணால் படிவத்தைப் பார்த்து, ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி முத்திரை குத்தினார்.

"பாவம், அந்த மனுஷனுக்கும் கண்ணுல ஏதோ கோளாறு போல" என்று சந்தையில் பக்கத்துக் கடை மெர்வியிடம் சொன்னாள் எனிஃபா.

"உனக்கு இருக்கிற கவலை போதாதுன்னு அடுத்தவன் கண்ணுக்கு வேற கவலைப்படு" என்றாள் மெர்வி. தக்காளி விற்கிறவள்; வாய் மட்டும் மிளகாய்.

மூன்று வாரம் போனது. இன்று வா, நாளைக்கு வா, மதிய உணவு நேரம், பேனா இல்லை, மை இல்லை, பேனாவும் மையும் இருக்கின்றன ஆனால் அவற்றை எடுத்துக் கொடுப்பவர் விடுப்பு. போலீஸிலும் கேட்டுப் பார்த்தாள். தபால் நிலையத்திலிருந்து கடிதம் வந்தால் விசாரிப்போம் என்றார்கள். அந்தக் கடிதம் தபாலில்தான் வர வேண்டுமாம்.

கடைசியில் மெர்வியையும் கூட்டிக்கொண்டு போனாள். கூட்டம் அதிகம் என்று கூடத்தின் கோடியில் இருந்த பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அங்கேயிருந்துதான் முதல் தடவையாகக் கிரெஷமை அவள் தூரத்தில் பார்த்தாள். மூக்கு தெரிந்தது. மூக்கின் மேல் மஞ்சள் ஃபிரேம் தெரிந்தது. காதிலிருந்து கழுத்துக்கு இறங்கிய மணிக்கயிறு தெரிந்தது. அதன் நடுவில் ஆடிக்கொண்டிருந்த குட்டி மீனும் தெரிந்தது.

"ஏ, ஏன் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்றாள் மெர்வி.

"என் கண்ணாடி! அந்தாளு மூஞ்சியில இருக்கு!"

இரண்டு பேரும் கவுண்டருக்கு ஓடினார்கள். கிட்டே போகப் போக எனிஃபாவுக்கு எல்லாம் கலங்கியது. தூரத்திலிருந்து பிடித்த திருடன் கிட்டே போனதும் வெறும் வெள்ளைச் சட்டை ஆகிவிட்டான். ஆனால் மெர்விக்குக் கண் நன்றாகத் தெரியும். அவள் சத்தத்தில் கூடமே திரும்பியது.

கிரெஷம் பதறவில்லை. முப்பத்தோரு வருட சர்வீஸ்.

"உக்காருங்கம்மா. உணர்ச்சிவசப்படாதீங்க. தொலைஞ்ச பொருள்னா என்ன? இருக்கிற இடம் தெரியாத பொருள். இந்தக் கண்ணாடி இருக்கிற இடம் எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், இந்தம்மா போட்ட கூச்சல்ல இப்ப ஊருக்கே தெரியும். அப்ப தொலைஞ்சுதா? தொலையல."

"அப்ப திருட்டு!" என்றாள் மெர்வி.

"திருட்டுன்னா அலுவலகத்தை விட்டு வெளிய போயிருக்கணும். இது வெளிய போனதே இல்லையே! தினம் அஞ்சு மணிக்குக் கழட்டி, பெட்டகத்துல வெச்சுப் பூட்டிட்டுத்தான் வீட்டுக்குப் போறேன். வீட்டுல பேப்பர் படிக்க முடியாம நான் என்ன பாடுபடறேன்னு என் சம்சாரத்தைக் கேட்டுப் பாருங்க. ஆனாலும் எடுத்துட்டுப் போக மாட்டேன். அரசாங்கப் பொறுப்புல இருக்கிற பொருள். அதுதான்மா நேர்மை."

"அப்ப எதுக்கு ஐயா உங்க மூக்குல இருக்கு?" என்று கேட்டாள் எனிஃபா.

"நல்ல நிலையில இருக்கான்னு சோதிக்கணும்ல? கண்ணாடியை வேற எப்படிச் சோதிக்கிறது, நக்கிப் பாத்தா? சும்மா சொல்லக் கூடாது, வலது கண்ணு பிரமாதம். இடது கண்ணுதான் சரியில்ல, தலை சுத்துது. அதையும் ஃபைல்ல எழுதியிருக்கேன்."

"இடது பக்கம் என் கண்ணுக்குன்னே அரைச்சது ஐயா!"

"பாத்தீங்களா? பொருள்ல குறை இருக்குன்னு நீங்களே ஒத்துக்கறீங்க."

எனிஃபாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இன்னும் பதிமூணு நாள்ல பரீட்சை ஐயா. போன வருஷம்தான் விரட்டிட்டாங்க. இந்த வருஷமும் போச்சுன்னா இனிமே என் பேரைச் சேத்துக்க மாட்டாங்க. உங்க கால்ல வேணாலும் விழறேன், குடுத்துடுங்க."

"கால்ல விழறதுக்குத் தனிப் படிவம் கிடையாதும்மா" என்றார் கிரெஷம் வருத்தத்தோடு. "இது தாமதமான பொருள். தாமதம் முடிஞ்சதும் தலைமையகத்துல இருந்து கடிதம் வரும். ஆனா உங்க மனசு புண்பட்டிருக்கு, அது எனக்குப் புரியுது. அனுதாபக் குழுவை உங்க வீட்டுக்கு அனுப்பறேன்."

"தொலையவே இல்லைங்கறீங்க, அப்புறம் எதுக்கு அனுதாபம்?" என்றாள் மெர்வி.

"தொலைஞ்சிருந்தா இழப்பீடு குடுக்கணும். தொலையாததுக்கு அனுதாபம் மட்டும்தான் குடுக்க முடியும்."

சனிக்கிழமை அனுதாபக் குழு வந்தது. தபால் வண்டியில் வந்தது. டீசல் இல்லை என்று நான்கு மாதமாகத் தபால் எடுக்காத வண்டி. கிரெஷம், தோக்கோ, இன்னும் மூன்று பேர். ஆண்கள் தலை குனிந்தபடி இறங்கி வாசலில் போட்ட கட்டைகளில் உட்கார்ந்தார்கள். தோக்கோ தலையில் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போய்ப் பாயில் எனிஃபாவுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, பெருமூச்சு விட்டு, ஒரு ஜெபப் பாட்டை ஆரம்பித்தாள்.

பாட்டுச் சத்தம் கேட்டால் அக்கம்பக்கம் சும்மா இருக்குமா? சாவு வீடு என்று நினைத்து ஆளாளுக்கு ஒரு தட்டு மக்காச்சோள மாவோடு ஓடி வந்தார்கள். ஒரு கிழவர் வாசலிலேயே விசும்ப ஆரம்பித்துவிட்டார்.

"யாரும்மா செத்தது?"

"பார்சல்" என்றாள் மெர்வி.

"ஐயோ, அந்த நல்ல மனுஷனா!" என்று கிழவர் இன்னும் பெரிதாக அழுதார்.

துக்கத்துக்கு வந்தவர்களைப் பட்டினியாக அனுப்பும் வழக்கம் லுவேசியில் கிடையாது. இது கிரெஷமுக்கு நன்றாகத் தெரியும். அவர் எழுந்து போகிற மாதிரி தெரியவில்லை. அடுப்புப் பக்கம் பார்த்துப் பார்த்துக் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனிஃபா பல்லைக் கடித்துக்கொண்டு மக்காச்சோள மாவில் ன்சிமாக் களி கிளறி, இருந்த ஒரே கோழியை அடித்துக் குழம்பு வைத்தாள். மூக்கு முட்டத் தின்றார்கள். ஈரல் யாருக்கு என்று ஒரு சின்னத் தகராறு கூட வந்தது; பதவிமூப்புப்படி கிரெஷமுக்குப் போனது. பிறகு அவர் எழுந்து, மஞ்சள் கண்ணாடியை மாட்டி, இடது கண்ணை மூடிக்கொண்டு, 'தங்களுக்கு நேர்ந்ததாகத் தாங்கள் கருதும் துயரத்தில் துறை பங்குகொள்கிறது' என்று வாசித்தார். வெளியே எடுத்து வராத கண்ணாடி எப்படி வந்தது என்று மெர்வி கேட்டதற்கு, அலுவலகம் எங்கே போகிறதோ அதுதான் அலுவலகம் என்றார். கிளம்பும்போது பக்கத்து வீட்டார் கொண்டு வந்த மாவையும் 'துறை சார்பில்' வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள்.

அவர்கள் போன பிறகு எனிஃபா பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுத்தெல்லாம் காயப் போட்ட உசிபா மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. புத்தகத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். பிறகு எழுந்து போய் எடுத்துத் தூசி தட்டினாள். கோழி போனதில் கூட அவளுக்கு அவ்வளவு கோபம் இல்லை. தன்னை முட்டாள் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் அவர்கள் அவ்வளவு நிம்மதியாக எலும்பைக் கடித்தார்கள் என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

இதற்கிடையில் நிலையத்தில் கண்ணாடிக்குக் கிராக்கி ஏறிவிட்டது. சோதனையை விரிவாகச் செய்ய வேண்டும் என்று கிரெஷம் முறை போட்டுக் கொடுத்தார். காலையில் கடிதம் பிரிப்பவர் அணிவார், மதியத்துக்கு மேல் கிரெஷம். கடிதம் பிரிப்பவருக்கு நல்ல கண். அவ்வளவு நாளும் எல்லாம் தெளிவாகத்தான் தெரிந்தது. இப்போது கலங்கியது. ஆனாலும் கழற்றவில்லை, கண்ணாடி போட்டால் அதிகாரி மாதிரி இருக்கிறதாம். ஆஸ்பத்திரிக் கடிதம் முடி திருத்துபவருக்குப் போனது. முடி திருத்துபவருக்குப் பெண் கொடுக்கச் சம்மதம் என்று வந்த கடிதம் பாதிரியாருக்குப் போனது. புகார்கள் மூன்று மடங்கு ஆயின. இழப்பீட்டுப் பிரிவுக்கு வேலைப்பளு கூடிவிட்டது என்று தலைமையகம் இரண்டு புதிய பதவிகளை அனுமதித்தது.

தேர்வு திங்கட்கிழமை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மண்டல இயக்குநர் கபுஷா, அந்த வருடக் கேடயத்தைக் கொடுக்க லுவேசிக்கு வந்தார். அனுபவப்பட்டவர், தபாலில் அனுப்பாமல் கேடயத்தை மடியிலேயே வைத்துக் கொண்டு வந்தார். விழா முடிந்ததும் எனிஃபாவின் விசாரணை. மெர்வி மண்டல அலுவலகத்துக்கே பஸ் ஏறிப் போய், வாசலில் தக்காளிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, நகர மாட்டேன் என்று உட்கார்ந்து வாங்கி வந்த விசாரணை.

இயக்குநர் முதலில் பேசினார். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் பேசினார்.

"ஒரு கடிதம் போய்ச் சேர்ந்தா யாராவது நம்மளை நினைக்கிறாங்களா? பிரிச்சுப் படிச்சிட்டு அவங்கவங்க வேலையைப் பாக்கப் போயிடறாங்க. போய்ச் சேரலைன்னாத்தான் மக்கள் நம்ம வாசலுக்கு வர்றாங்க, உக்கார்றாங்க, நம்ம பேரைத் தெரிஞ்சுக்கறாங்க. துறைக்கும் மக்களுக்கும் இருக்கிற உறவே அதுலதான் இருக்கு. அந்த உறவை லுவேசி மாதிரி வளர்த்த நிலையம் வேற கிடையாது. அப்படியும் பாருங்க, ஏட்டுல ஒரு இழப்பு கூட இல்ல!"

எல்லோரும் கை தட்டினார்கள். புதிதாக வந்த இரண்டு பேர் எழுந்து நின்று தட்டினார்கள்.

"ஐயா, திங்கக்கிழமை பரீட்சை" என்றாள் எனிஃபா.

இயக்குநர் கிரெஷமின் காதில் ஏதோ கேட்டார், கிரெஷம் இயக்குநரின் காதில் ஏதோ சொன்னார். பிறகு தீர்ப்பு வந்தது. துறை கல்விக்கு எதிரி அல்ல. தாமதமான பொருளைத் தேர்வு நாளுக்கு மட்டும் எனிஃபாவுக்கு இரவல் கொடுக்கலாம். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குத் திருப்பித் தந்துவிட வேண்டும். அதுவரை பிணையாக மெர்வி பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"ஞாயித்துக்கிழமையுமா?" என்றாள் மெர்வி.

"பிணைக்கு விடுமுறை கிடையாது."

"போனாப் போகுது. உக்காந்து உங்க மூஞ்சிகளைப் பாத்துக்கிட்டு இருக்கேன். நீ போய் எழுதுடி. ஆனா பாஸ் பண்ணலைன்னா உன்னைச் சும்மா விட மாட்டேன்."

இரவல் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பொருள் நல்ல நிலையில் இருப்பதை இரவல் வாங்குபவரே சோதித்துப் பார்க்க வேண்டும் என்று விதி. விதி என்றால் விதி. கிரெஷம் கண்ணாடியைக் கழற்றி, கோழி எண்ணெய் படிந்த கண்ணாடியைச் சட்டையில் துடைத்து, மனசே இல்லாமல் நீட்டினார்.

எனிஃபா மாட்டிக்கொண்டாள்.

அடேயப்பா! தன் கை தெரிந்தது. கையில் கருவாட்டு முள் கீறிய தழும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. எதிரே கிரெஷமின் முகம் முதல் தடவையாகக் கிட்டத்தில் தெரிந்தது, பார்க்காமலே இருந்திருக்கலாம். மேஜையில் அவளுடைய ஃபைல் திறந்து கிடந்தது. முதல் தாளின் அடியில் நீட்டி வளைத்து, கீழே கோடு இழுத்த அவள் கையெழுத்து. அதற்கு மேலே சின்ன எழுத்தில் மூன்று வரி. சாயங்காலப் பள்ளியில் படிக்கிற மாதிரி, விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, சத்தமாகப் படித்தாள்.

"மேற்படி... பொருளை... நல்ல நிலையில்... பெற்றுக்கொண்டேன். எனக்கு யாதொரு குறையும் இல்லை. துறையின் விரைவான சேவைக்கு நன்றி."

பெஞ்சில் வரிசையாகக் காத்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களும் அதே படிவத்தில்தான் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"இதுதானா உங்க புகார்ப் படிவம்?" என்று கேட்டாள் எனிஃபா.

"அது வந்து... ஏட்டுக்காகம்மா... எல்லாருக்கும் அப்படித்தான்..." என்று கிரெஷம் இழுத்தார்.

இயக்குநர் பலமாக இருமினார். மடியில் கேடயம் ரிப்பனோடு உட்கார்ந்திருந்தது. "கிரெஷம், யோசிச்சுப் பேசு. இந்தப் படிவம் உண்மையா, பொய்யா?"

கிரெஷம் கேடயத்தைப் பார்த்தார். "உண்மைதான் ஐயா."

"முத்திரை?"

"என்னுடையதுதான் ஐயா."

"அப்ப பொருள் இந்தம்மா கையில சேர்ந்து ஒரு மாசம் ஆச்சு."

"ஆச்சு ஐயா."

"அப்ப எனக்கு இரவல் எதுக்கு?" என்றாள் எனிஃபா. பதிவேட்டை மூடி அவர் பக்கம் தள்ளினாள். "ஏ மெர்வி, எந்திரி, போகலாம்."

"இழப்பீடு கிடைக்காதும்மா!" என்று கத்தினார் கிரெஷம். "அப்புறம் வந்து கேட்டா ஒண்ணும் கிடைக்காது! ஐயா, நீங்களாவது சொல்லுங்க, இவ்வளவு நாளா என் மூக்குல இருந்தது..."

"அது உங்க சொந்தக் கண்ணாடியா இருக்கும்" என்றாள் எனிஃபா வாசலில் நின்று. "எங்கயோ தொலைச்சுட்டீங்க போல. ஒரு புகார் எழுதிக் குடுங்க."

திங்கட்கிழமை அவள் கேள்வித்தாளை மேஜையில் வைத்தே படித்தாள். கழுத்தில் குட்டி மீன் ஆடியது. முடிவுகளைத் தபாலில் அனுப்பாமல் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினார்கள், அந்த மட்டும் கடவுள் இருக்கிறார். கூட்டத்துக்குப் பின்னால் நின்றபடியே அவளுக்குத் தன் பெயர் தெரிந்துவிட்டது. இருந்தாலும் எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு போய், சுவரோடு மூக்கு உரச நின்று, இன்னொரு தடவை படித்தாள். மெர்வி குலவையிட்ட சத்தத்தில் சந்தையில் பாதிப் பேர் ஓடி வந்தார்கள்.

கிரெஷம் உண்மையாகவே புகார் கொடுத்தார். பெட்டகத்துப் பதிவேட்டில் ஒரு கண்ணாடி உள்ளே வந்ததாக இருந்தது, வெளியே போனதாக இல்லை. விளக்கம் கேட்டுத் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. லுவேசிக்கு ஒழுங்காக வந்து சேரும் கடிதம் அந்த ஒரு வகைதான். பதினைந்து நாளைக்குள் இழப்பு என்று பதிவாகவில்லை என்றால் ஓய்வூதியத்தில் கை வைப்பார்கள். அவர் தன் கவுண்டரிலேயே வரிசையில் நின்றார். தோக்கோ ஒரு படிவத்தை நீட்டினாள்.

"இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார், தாளைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு.

"புகார்தான் ஐயா. எல்லாருக்கும் ஒரே படிவம்தான்."

எத்தனையோ வருடம் அந்தப் படிவத்தில் முத்திரை குத்தியவருக்கு அது என்னவென்று தெரியாதா என்று கேட்பீர்கள். நன்றாகத் தெரியும். ஆனால் 'எல்லாருக்கும்' என்றால் பொதுமக்களுக்கு, அதிகாரிக்கு அதையே நீட்ட மாட்டார்கள் என்று நம்பிவிட்டார். தோக்கோ விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

அடுத்த வருடமும் கேடயம் லுவேசிக்குத்தான்.